பந்தை நான் பாத்துக்கிறேன்

குருவுக்கு இருபத்தேழு வயசு. சீடனுக்கு நாற்பத்து நாலு. தலைகீழா இருக்கேன்னு தோணலாம். நடந்தது அப்படித்தான். கதைக்காக வயசை மாத்த முடியாது.

குருவின் பேர் தமயந்தி. மலை மேலே இருக்கிற ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆட்டம் சொல்லிக் கொடுப்பவர். எல்லாருக்கும் அவர் டீச்சர்.

சீடன் இன்னாசி. அதே மைதானத்தில் கேடி. ஆடுகிறவர்களின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடக்கணும். அவர்கள் அடித்த பந்து எங்கே விழுகிறது என்று பார்க்கணும். தேடி எடுக்கணும். காணாமல் போனால் திட்டு வாங்கணும். மீசை முளைத்த நாளிலிருந்து அவருக்கு அதுதான் வேலை.

ஒரு நாள் காலையில், பனி விலகுவதற்கு முன்பே, இன்னாசி டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், நான் ஸ்டிக் வீசுறதுல ஒரு தப்பு இருக்கு. என்னன்னு சொல்லுங்க."

"தப்பு இருக்குன்னு யார் சொன்னது?"

"குட்டை."

டீச்சருக்குப் புரிந்தது. அந்த மைதானத்தில் எல்லாருக்கும் புரியும். கடைசிக் குழிக்கு முன்னால் ஒரு குட்டை இருக்கிறது. பந்தைத் தண்ணீருக்கு மேலே பறக்கவிட்டு எதிர்க்கரையில் போட வேண்டும். ஆட்டம் சொல்லிக் கொடுக்கப் பயிற்சியாளர் கார்டு வேண்டும்; அதற்கு வருஷத்துக்கு ஒருமுறை ஆட்டத் தேர்வு வைப்பார்கள். இன்னாசி மூன்று தடவை தேர்வுக்குப் போனார். மூன்று தடவையும் கடைசிக் குழி வரைக்கும் நன்றாக ஆடினார். மூன்று தடவையும் குட்டையில் போட்டார். ஒரு பந்தோடு நிற்கவில்லை. ஒன்று விழுந்ததும் அடுத்தது, அதற்கடுத்தது.

இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும்.

"ஒரு பந்து அடிங்க, பாக்குறேன்" என்றார் டீச்சர்.

இன்னாசி அடித்தார். பந்து தாழ்வாகப் போய் விழுந்தது.

"எங்க விழுந்துச்சு?"

"அந்த ரெட்டைக் கற்பூர மரம் இருக்குல்ல, அதுக்கு வலப்பக்கம். கல்லுக்கு இந்தாண்ட, ஒரு வேட்டி நீளம் தள்ளி."

"அடிக்கிறப்ப பந்துக்குக் கீழ புல்லு ஈரமா, காய்ஞ்சிருந்துச்சா?"

இன்னாசி யோசித்தார். "பாக்கலயே டீச்சர்."

"சரி. நாளைக்கு வாங்க."

"தப்பு என்னன்னு சொல்லலயே?"

"நாளைக்கு வாங்கண்ணே."

மறுநாள் இன்னாசி ஒரு கேள்வியோடு வந்தார்.

"கீழ டவுன்ல ஆடுறவங்க எல்லாம் ஜிம்முக்குப் போறாங்களாம். இரும்பு தூக்குறாங்களாம். எனக்கும் ஒடம்பு ஏத்தணும் டீச்சர். தேர்வுல ரெண்டாவது சுத்து வரும்போது கால் துவண்டு போகுது."

"செய்யலாம். ஒடம்புப் பயிற்சி நாளைக்கு ஆரம்பிப்போம்."

"இன்னைக்கு?"

டீச்சர் அவரைச் சரிவின் விளிம்புக்குக் கூட்டிப் போனார். அங்கே புல் முடியும். அதற்குக் கீழே பெரிய பள்ளம். புதர், ஓடை, அட்டை எல்லாம் உண்டு. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு. மேட்டில் ஒரு பழைய டயரைப் படுக்க வைத்திருந்தார்கள்.

"டயருக்குள்ள போடுங்க."

"இவ்வளவுதானா?"

"ஒத்தைக்கால்ல நின்னு."

இன்னாசி சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

ஒற்றைக்காலில் நின்று அடித்தார். ஆடிப்போய் விழுந்தார். பந்து பள்ளத்துக்குள் உருண்டது.

"இன்னொரு பந்து குடுங்க."

"இருக்கிறது ஒரே பந்துதான்" என்றார் டீச்சர். "தப்பினா போய் எடுத்துட்டு வரணும். அப்புறம்தான் அடுத்தது."

இன்னாசி இறங்கினார், ஏறினார். அடித்தார். மறுபடி இறங்கினார்.

அடுத்த வாரம் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அடிக்கச் சொன்னார். அதற்கடுத்து, ஸ்டிக்கைத் தலைகீழாகத் திருப்பி இடது கைக்காரன் மாதிரி அடிக்கச் சொன்னார். ஒரு நாள் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிவிட்டார். இதெல்லாம் கேடிகள் விளையாட்டு. திங்கட்கிழமை மெம்பர்கள் வரமாட்டார்கள்; அன்றைக்கு மைதானம் கேடிகளுக்கு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்டிக் இருக்கும். அதை வைத்து எல்லா அடியும் அடித்தாக வேண்டும். அப்படி அடித்து அடித்து, வித்தை காட்டுவதே ஒரு போட்டியாக ஆகிவிட்டது. தோற்றவன் டீ வாங்கித் தரணும். இன்னாசி மட்டும் அந்தப் பக்கம் போகமாட்டார். அது சின்னப்பயல்கள் வேலை என்பார்.

இப்போது அதையே வாரம் முழுக்கச் செய்தார். பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடந்தார்.

கூட வேலை பார்க்கிற வேலாயுதம் விடுவானா?

"அண்ணே, சர்க்கஸ் எப்போ நம்ம ஊருக்கு வருது?"

"போடா."

"இல்லண்ணே, சிங்கம் எல்லாம் வருமா, இல்ல நீங்க மட்டும்தானா?"

இன்னாசிக்கு மூச்சு வாங்கியது. மறுபடி பள்ளத்துக்குள் இறங்கினார்.

தினமும் டீச்சரிடம் கேட்பார். "ஒடம்புப் பயிற்சி எப்ப டீச்சர்?"

"நாளைக்கு."

ஒரு நாள் பள்ளத்துக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"பந்து எங்க?"

"காட்டெருமை நிக்குது. அதோட கால்கிட்டதான் கெடக்கு. நீங்க வேணா போய்க் கேட்டுப் பாருங்க."

ரெண்டு பேரும் புல்லில் உட்கார்ந்தார்கள். எருமை அவசரப்படவில்லை. அது பாட்டுக்கு மேய்ந்தது.

இன்னாசியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"டீச்சர், நான் கார்டு கேட்டேன். நீங்க கோமாளித்தனம் கத்துக்குடுக்குறீங்க. ஊரே சிரிக்குது. எனக்கு வெளையாட நேரம் இல்ல."

இன்னாசி சட்டையைத் தோளில் விலக்கிக் காட்டினார்.

"இந்தத் தோளைப் பாருங்க. ஒரு பக்கம் எறங்கியே போச்சு. இன்னொரு சீசன் பை தூக்கினா கையைத் தூக்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பொண்டாட்டி பிலோமினாகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா அவ அழமாட்டா. பேசாம எஸ்டேட்டுல தேயிலைக் கொழுந்து பறிக்க எறங்கிடுவா. அவளுக்கு முட்டி வலி டீச்சர். கார்டு கெடைச்சா சொல்லிக் குடுத்துப் பொழைச்சுக்குவேன். இந்தப் புல்லை விட்டுட்டு எனக்கு வேற எடம் தெரியாது."

எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி குனிந்துகொண்டது.

டீச்சர் கேட்டார். "அண்ணே, உங்க பையை யாராவது தூக்கிருக்காங்களா?"

"நல்லா இருக்கே. கேடி பையை யாரு தூக்குவா?"

"தேர்வுல?"

"நானேதான் தூக்கிக்கிட்டுப் போவேன்."

"நீங்க அடிச்ச பந்து எங்க போகுதுன்னு யார் பாக்குறது?"

"நான்தான்."

"நீங்க பந்தைப் பாக்கப் போயிட்டா, அந்நேரம் ஸ்டிக்கைப் புடிச்சு அடிக்கிறது யாரு?"

இன்னாசி வெறுங்கையால் ஒரு அடி வீசிப் பார்த்தார்.

அவருக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அடி படுவதற்கு முன்பே தலை தூக்குகிறது. கண் பந்துக்கு முன்னால் ஓடுகிறது. எந்த மரம், எந்தக் கல், எந்தப் புதர் என்று தேட ஆரம்பிக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் பழகின கண். குட்டைக்கு முன்னால் இன்னும் சீக்கிரமாக ஓடும். குட்டையில் தொலைந்த பந்துக்குத்தான் அவர் அதிகமாகத் திட்டு வாங்கியிருக்கிறார்.

அவர் கேட்டார். "கண்ணை என்ன டீச்சர் பண்றது? அது தானா போகுது."

"எனக்குப் பந்து பாக்கத் தெரியாது" என்றார் டீச்சர். "கத்துக் குடுங்க."

"உங்களுக்கா?"

"நீங்க அடிங்க. நான் பாக்குறேன். தப்பாச் சொன்னா திட்டுங்க."

எருமை போய்விட்டிருந்தது. இன்னாசி பந்தை எடுத்து வந்தார்.

டீச்சர் பந்து பார்ப்பதில் படுமோசம். உள்ளதைச் சொல்லணுமே. இடது பக்கம் விழுந்தது என்பார்; இன்னாசி இறங்கி அட்டைக்கடியோடு தேடுவார்; பந்து வலது பக்கம் கிடக்கும்.

"டீச்சர், கண்ணு இருக்கா, இல்லையா?"

"வேகமாப் போகுதுண்ணே."

"பந்தையே வெறிச்சுப் பாத்தா அப்படித்தான். அது எறங்குற எடத்துக்குப் பின்னாடி ஒரு மரத்தைப் புடிங்க. மரம் ஓடாது. மரத்துலேர்ந்து எத்தனை வேட்டி நீளம்னு மனசுல போட்டு வைங்க. அப்புறம் கண்ணை எடுக்கக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது."

"அம்மா கூப்பிட்டா?"

"அம்மா கூப்பிட்டாலும்தான்."

டீச்சர் பழகினார். இன்னாசி அடித்தார். முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அடித்த கையோடு தலை தூக்கிவிடும். அன்றைக்கெல்லாம் பள்ளம்தான். துண்டு கட்டினால் மட்டும் தலை நிற்கும். பார்க்க ஒன்றும் இல்லையே.

ஒரு திங்கட்கிழமை இன்னாசி தானாகவே கேடிகளோடு போய் நின்றார்.

"சர்க்கஸ் வந்துருச்சுடா!" என்றான் வேலாயுதம்.

"ஸ்டிக்கைக் குடு. துண்டு இருக்கா?"

கண்ணைக் கட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். முதல் அடி காற்றில் போனது. கேடிகள் உருண்டு சிரித்தார்கள். இன்னாசியும் சிரித்தார். ரெண்டாவது அடி தரையைக் கிண்டியது. மூன்றாவது பட்டது. கையில் அதிர்வே இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி இருந்தது.

"எங்கடா போச்சு?"

கேடிகளின் சிரிப்பு நின்றது.

"டேய், எங்க?"

"டீ நான் வாங்கித் தரேண்ணே" என்றான் வேலாயுதம்.

இன்னாசி துண்டை உடனே அவிழ்க்கவில்லை.

தேர்வு நாள் வந்தது. காலையில் ஒரு சுற்று, மத்தியானம் ஒரு சுற்று. இன்னாசி தன் பையை எடுக்கக் குனிந்தார். பை அங்கே இல்லை. டீச்சர் தோளில் இருந்தது.

"ஐயோ, எறக்குங்க டீச்சர். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இன்னைக்கு நான் கேடி."

"பாவம் டீச்சர் இது. குரு பை தூக்குறதாவது."

"கேடிகிட்ட யாரும் இவ்வளவு பேசமாட்டாங்கண்ணே. நடங்க."

நடந்தார்கள். இன்னாசிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தோளில் எடை இல்லாமல் அந்தப் புல்லில் அவர் நடந்ததே இல்லை. ஒரு மாதிரி மிதந்தார். நாலு குழி தாண்டும் வரைக்கும் பையை வாங்க அடிக்கடி கை நீட்டினார். டீச்சர் கையைத் தட்டிவிட்டார்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. மத்தியானச் சுற்றில் மற்றவர்கள் மேடு ஏறும்போது இடுப்பில் கைவைத்து நின்றார்கள். இன்னாசி நிற்கவில்லை. நிற்கவில்லை என்பதையும் அவர் கவனிக்கவில்லை. இன்னொருவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்த வேலாயுதம்தான் கேட்டான்.

"என்னண்ணே தின்னீங்க? மூச்சே வாங்கலயே!"

கடைசிக் குழி வந்தது. எதிர்க்கரையில் குழியில் நட்ட கொடி தெரிந்தது. அஞ்சு அடிக்குள் முடித்தால் கார்டு. பந்து தண்ணீரில் விழுந்தால் ஒரு அடி தண்டம்.

குட்டையைச் சுற்றி வேலை முடிந்த கேடிகள் எல்லாம் நின்றார்கள். இன்னாசி ஸ்டிக்கை எடுத்தார். தண்ணீரைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார்.

அடித்தார்.

தலை தூக்கிவிட்டது. பந்தின் உச்சந்தலையில் ஸ்டிக் பட்டது. பந்து தரையோடு ஓடி, தவளை மாதிரி ஒரு குதி குதித்து, தண்ணீருக்குள் போனது.

குட்டையில் வட்டம் வட்டமாக அலை பரவியது. இன்னாசி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த அலை அவருக்குப் பழக்கம். இதற்கப்புறம் என்ன நடக்கும் என்றும் தெரியும். அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஒரு கேடி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்னாசி திரும்பாமலே கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒரு பந்து வந்து உட்கார்ந்தது. டீச்சர் கையை எடுக்கவில்லை. பந்தோடு சேர்த்து அவர் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இது எங்க போகுதுன்னு நீங்க தெரிஞ்சுக்க வேண்டாம்."

"டீச்சர்..."

"பந்தை நான் பாத்துக்கிறேன்."

இன்னாசிக்குக் கண் கலங்கியது. அப்புறம் என்ன தோன்றியதோ, லேசாகச் சிரித்தார்.

"மரத்தைப் புடிப்பீங்களா?"

"புடிப்பேன்."

"உங்கம்மா கூப்பிட்டா?"

"திரும்பமாட்டேன்."

இன்னாசி பந்தைப் போட்டார். ஸ்டிக்கைத் தூக்கினார். இறக்கினார்.

பந்து இருந்த இடத்தில் புல் பெயர்ந்து செம்மண் தெரிந்தது. மண் ஈரமாக இருந்தது. ஓர் எறும்பு எதற்கோ அவசரமாக அதைக் கடந்து போனது. இன்னாசி எறும்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். தண்ணீர்ச் சத்தம் வரும் என்று காத்திருந்தார்.

வரவில்லை.

குனிந்த தலை குனிந்தபடியே கேட்டார். "எங்க டீச்சர்?"

டீச்சரின் கண் எதிர்க்கரையை விட்டு நகரவில்லை. "பின்னாடி மூணாவது சீகை மரம். மரத்துக்கு நேரா, கொடிக்கு இந்தாண்ட. நாலு வேட்டி நீளம்."

அதற்கப்புறம்தான் எதிர்க்கரையில் நின்ற கேடிகளின் விசில் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தார்கள். மூன்றாவது சீகை மரம். கொடிக்கு இந்தாண்ட. நாலு வேட்டி நீளம். டீச்சர் ஒரு முழம்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

தண்டத்தையும் சேர்த்து நாலாவது அடியில் பந்து குழியின் ஓரத்தில் போய் நின்றது. அஞ்சாவது அடியில் உள்ளே விழுந்தது.

வேலாயுதம் ஓடிவந்து இன்னாசியைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. ரெண்டு பேரும் புல்லில் விழுந்தார்கள்.

சாயங்காலம் பனி இறங்க ஆரம்பித்தது. இன்னாசியும் டீச்சரும் சரிவின் விளிம்பு வழியாகத் திரும்பி நடந்தார்கள். டயர் மேட்டில் அப்படியே கிடந்தது. பை இன்னும் டீச்சர் தோளில்தான் இருந்தது. அவர் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார்.

"வலிக்குதா டீச்சர்?"

"உயிர் போகுது."

"ரெண்டு வாரையும் மாட்டுங்க. இப்படி. பை முதுகுல நேரா உக்காரணும். ஆங். இப்ப நடங்க."

டீச்சர் நடந்து பார்த்தார். "இதை முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கல."

பிலோமினாவிடம் எப்படிச் சொல்வது, எதை முதலில் சொல்வது, தோளையா கார்டையா என்று இன்னாசி யோசித்துக்கொண்டு வந்தார். பள்ளத்துக்கு நேராக வந்ததும் நின்றார்.

"டீச்சர், ஒத்தைக்கால், ஸ்டூலு, திருப்பிப் புடிச்ச ஸ்டிக்கு, துண்டுன்னு இத்தனை வித்தை செஞ்சேன். இன்னைக்கு எனக்குக் கைகொடுத்தது எது?"

"டயருக்குள்ள எத்தனை போட்டீங்க?"

"ஏதோ ஒண்ணு ரெண்டு."

"மிச்சம்?"

இன்னாசி பள்ளத்தைக் காட்டினார். "எல்லாம் அங்கதான்."

"ஒவ்வொரு தடவையும் எறங்கி, ஏறி, அங்கேருந்து எடுத்துட்டு வந்தது யாரு?"

"நான்தான்."

டீச்சர் வாரை இழுத்துச் சரி செய்துகொண்டு முன்னால் நடந்தார்.

"அப்புறம் எங்கிட்ட ஏண்ணே கேக்குறீங்க?"